பதினோரு நிழல்களும் ஒரு காவல் சம்மனசும்

புயலில் ஒரே படகோடு போன பதினோரு பேரின் நிழல்கள் நாற்பத்தோராம் நாள் மாலை நான்கு மணிக்குப் புன்னைத்தாழைக்குத் திரும்பி வந்தபோது, ஊரில் முதலில் எழுந்த கேள்வி அவை எப்படி வந்தன என்பதல்ல, வந்த நிழலுக்குச் சாப்பிட என்ன வைப்பது என்பதுதான். பிரகாசி வீட்டில் அன்று சாளை மீன் குழம்பு. அவள் பதறிப்போய் ஒரு தட்டில் சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, சுவரடியில் கொண்டுபோய் வைத்தாள். சுவரில் நின்றது அவள் புருஷன் தொம்மையின் நிழல்; ஒரு தோள் ஏறி ஒரு தோள் இறங்கி நிற்கிற அந்தக் கோணலுக்கு ஊரில் யாரும் யாருக்கும் அடையாளம் சொல்லத் தேவையில்லை. நிழல் தட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. "உசுரோட இருக்கையிலயே சாளைன்னா மூஞ்சியத் திருப்புற மனுசன், இப்ப மட்டும் தின்னுருவாவளாக்கும்" என்று சொல்லிவிட்டு மறுநாள் சீலா மீன் வாங்கிவர ஆள் அனுப்பினாள் பிரகாசி. சீலாவும் அப்படியே கிடந்தது. நிழல்கள் பசியோடு வரவில்லை என்று ஊர் அதற்குப் பிறகுதான் முடிவுக்கு வந்தது.

அவை கடலிலிருந்து வந்தன. அலை வந்து திரும்புகிற இடத்தில் முதலில் வெறும் ஈரம் போலத் தெரிந்து, பிறகு மணலில் ஏறி, காயப்போட்ட வலைகளின் மேல் வலை அசையாமல் கடந்து, கரையோரச் சிலுவை நிற்கிற குருசடியைத் தாண்டியதும் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளாமல் பிரிந்து, யாரிடமும் வழி கேட்காமல் அவரவர் சந்தில் திரும்பி, அவரவர் வீட்டு வெளிச்சுவரில் ஏறி நின்றன. சூரியன் மேற்கே இருந்தாலும் சரி, மேகத்துக்குள் இருந்தாலும் சரி, அந்த நிழல்களுக்கு அதைப் பற்றி ஒரு கவலையும் கிடையாது. பத்து நிமிடம் நிற்கும். நின்று, வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி உள்ளங்கையை விரிக்கும். பிறகு ஈரத்துணி வெயிலில் காய்வது போல ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டே வந்து இல்லாமல் போகும்.

அந்தக் கைதான் ஊரின் வயிற்றில் பாலை வார்த்தது. புன்னைத்தாழையில் கடலுக்குப் போகிறவனுக்கு யாரும் கை காட்டி வழியனுப்புவதில்லை. காட்டினால் கடல் அவனைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் என்று பயம். கை காட்டுவது திரும்பி வரும்போது மட்டும்தான். படகு கரையைக் கண்டதும் அதன் முன்மூக்கில், அவர்கள் சொல்கிறபடி அணியத்தில், ஒருவன் ஏறி நின்று வலது கையைத் தூக்கி உள்ளங்கையை விரிப்பான். எல்லாரும் சுகம், மீனும் உண்டு என்று அதற்கு அர்த்தம். கரையில் நிற்கிறவர்கள் பதிலுக்குத் தங்கள் கையைத் தூக்குவார்கள். சரி, வந்து சேருங்கள் என்று அதற்கு அர்த்தம். ஊர்ப் பிள்ளைகள் அம்மா என்று சொல்லப் பழகுவதற்கு முன்னாலேயே இதைப் பழகிவிடும். அதனால் நிழல்கள் கையைத் தூக்கியபோது பதினோரு வீட்டு வாசலிலும் அழுதுகொண்டே எல்லாரும் கையைத் தூக்கினார்கள், மறுநாளும் தூக்கினார்கள், அப்படியே ஆறு வருடம் ஒரு நாள் தவறாமல் தூக்கினார்கள்.

முதல் வாரத்திலேயே பங்குச்சாமியார் அடக்கப் பூசையை நிறுத்திவிட்டார். பதினோரு வெறும் பெட்டிகள் செய்ய ஆசாரியிடம் சொல்லியாகிவிட்டது, கோயில் மணியின் நாக்குக்குத் துக்க மணிக்கென்று கறுப்புத் துணியும் சுற்றியாகிவிட்டது. "தினமும் வீட்டுக்கு வாறவனுக்கு நான் எப்படி அடக்கப் பூசை வைக்க?" என்று கேட்டுத் துணியை அவரே ஏறி அவிழ்த்தார். விசாரிக்க வந்த கிராம நிர்வாக அலுவலர் படிவத்தில் இறந்தவர், காணாமல் போனவர் என்ற இரண்டு கட்டங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஓரத்தில் இடம் இருந்த வரைக்கும் "நாள்தோறும் பத்து நிமிடம் வருகை" என்று எழுதிக்கொண்டு போனார். பெண்கள் தாலியைக் கழற்றவில்லை. நிழல் தடுக்கி விழுந்துவிடக் கூடாதென்று நாலு மணிக்கு முன் பாதையில் கிடக்கும் வலைகளை இழுத்து ஓரம் போடுவது வழக்கமாயிற்று. நிழல் எப்படித் தடுக்கி விழும் என்று கேட்டவனுக்கு நல்ல பேச்சு விழுந்தது. கல்யாணப் பேச்சுகளெல்லாம் நாலு மணிக்கு நடந்தன. மாப்பிள்ளை வீட்டார் சுவரைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். பிரகாசி அந்தப் பத்து நிமிடத்தில் தொம்மையிடம் அன்றைய புகார்கள் அனைத்தையும் ஒப்பித்தாள். இருபது வருடக் குடித்தனத்தில் அவர் குறுக்கே பேசாமல் கேட்டது இந்த ஆறு வருடம்தான் என்று அவளுக்கே ஒரு திருப்தி.

கித்தேரியின் புருஷன் சிலுவையின் நிழல் வந்து நின்றது அவள் வீட்டுச் சுவரில். அவன் கடலுக்குப் போனபோது அவளுக்கு மாசம் நாலு. ஜெசிந்தா பிறந்ததும் அவளை நாலு மணிக்குச் சுவரோடு ஒட்டிப் பிடித்துத்தான் அப்பாவுக்குக் காட்டினார்கள். பிள்ளை அந்தச் சுவரைப் பிடித்துத்தான் எழுந்து நின்றது, அந்தச் சுவரில்தான் முதல் பல்லைத் தேய்த்தது. அப்பா என்றால் வீட்டுக்கு வீடு இப்படித்தான் இருக்கும், கறுப்பாக, தட்டையாக, பேசாமல் என்று நினைத்துக்கொண்டு வளர்ந்தது. பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகு தோழியின் அப்பா இருமுவதைக் கேட்டுப் பயந்து வீட்டுக்கு ஓடி வந்தது.

கித்தேரிக்கு வேலை ஊருக்கு வடக்கே, மணல்மேட்டின் மேல், வெள்ளைக் கட்டடத்தில். அந்தக் கட்டடத்தின் மொட்டைமாடியில் ஒரு பெரிய தட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். பூமிக்கு மேலே சுற்றுகிற ஒரு செயற்கைக்கோள், வானத்தில் எங்கெங்கிருந்து காமாக் கதிர் வருகிறது என்று இரவு பகலாய்க் கவனித்து வைத்து, தலைக்கு மேல் கடக்கும் பத்து நிமிடத்தில் அத்தனையையும் இந்தத் தட்டில் கொட்டிவிட்டுப் போகும். அப்படிக் கடப்பதை நிலையத்தில் பாஸ் என்பார்கள். ஒவ்வொரு பாஸுக்கு முன்னாலும் கித்தேரி மாடி ஏறி, தட்டின் நடுவில் இருக்கிற கிண்ணத்தில் படிந்த கடல் உப்பை நல்ல தண்ணீரில் நனைத்த மஞ்சள் துணியால் துடைக்க வேண்டும். பிறகு கீழே வந்து, எந்த மூலம் இன்று எரிகிறது, எது தூங்குகிறது என்று பட்டியலில் குறிக்க வேண்டும். செத்துப்போன நட்சத்திரங்கள், எதையும் விழுங்குகிற கருந்துளைகள் என்று சிலவற்றுக்குப் பெயர் உண்டு. மூன்றில் ஒரு பங்குக்கு ஊரும் தெரியாது, பேரும் தெரியாது, வெறும் எண்தான். அந்தச் செயற்கைக்கோள் எல்லாரையும் மேலேயிருந்து உறங்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று கேள்விப்பட்டதும் ஊர்ப் பெண்கள் அதற்குக் காவல் சம்மனசு என்று பேர் வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு மனுசனுக்கும் கூடவே காவலுக்கு ஒரு சம்மனசு, ஒரு வானதூதர், உண்டு என்று ஞானோபதேச வகுப்பில் படித்தவர்களுக்கு அது ஒன்றும் பெரிய விஷயமாகப் படவில்லை.

நிலையத்துத் தலைவர் பலராமன் சார் வேலூர்ப் பக்கத்துக்காரர். சேர்ந்த புதிதில் கித்தேரிக்கு வேலையை விளக்கியவர் அவர்தான். "காமாக் கதிரை எந்தக் கண்ணாடியாலும் மடக்கிப் பிடிக்க முடியாதும்மா. அதனால மேல ஒரு ஓட்டைத் தகடு வெச்சிருக்கோம். அதோட நிழல் எப்படி விழுதுன்னு பாத்துதான் கதிர் எங்கிருந்து வருதுன்னு கணக்குப் போடணும். நிழல்ல என்ன இருக்குன்னு பாக்காதீங்க. என்ன இல்லைன்னு பாருங்க" என்றார். கித்தேரி அதில் கெட்டிக்காரியானாள். எண் இருநூற்றுப் பத்தொன்பது அவள் கண்டுபிடித்ததுதான். புயல் நாளன்று மாலை நாலு மணிக்கு, அதுவரை ஒன்றுமே இல்லாத தெற்கு வானத்தில், திடீரென்று பற்றிக்கொண்ட மூலம் அது. அது நன்றாக எரிகிற நாளில் ஊரில் நிழல்கள் கறுத்துத் தெரிவதையும், மங்குகிற நாளில் நிழல்கள் நைந்துபோன துணி மாதிரி இருப்பதையும் அவள்தான் முதலில் கவனித்தாள். சாரிடம் சொன்னாள்.

"சான்ஸே இல்லம்மா. காமாக் கதிர் காத்தைத் தாண்டித் தரைக்கு வரவே வராது. வந்திருந்தா இங்க ஒருத்தரும் மிஞ்சியிருக்க மாட்டோம். அதுக்குத்தானே மேல ஒண்ண அனுப்பி வெச்சிருக்கு" என்றார் அவர். சொல்லிவிட்டு மணியைப் பார்த்து, நாலாகப் போகிறதென்று எழுந்து போய், பாதையில் நிறுத்தியிருந்த தன் ஸ்கூட்டரைத் தள்ளி ஓரமாக வைத்தார்.

அதற்குப் பிறகு ஊர், வானிலை கேட்பது போல அவளிடம் கேட்டது. காலையில் பைப்படிக்குப் போனால், "ஏட்டி கித்தேரி, இன்னைக்கு எப்படி இருக்கு ஒன் இருநூத்திப் பத்தொம்பது?" என்பார்கள். நல்லா எரியுது என்றால் பெண்கள் தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்து, நல்ல சேலை கட்டி நின்றார்கள். மங்கல் என்றால் குருசடியில் ஒரு மெழுகுதிரி கூடுதலாக எரிந்தது.

அவளிடம் இன்னொன்றும் இருந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் புயல் நாள் மாலை, கரையில் இன்னும் காற்று எழும்பாத நேரம், நாலேகால் பாஸுக்காக அவள் மாடியில் உப்புத் துடைத்துக்கொண்டிருந்தபோது, தெற்கே தூரத்தில் ஒரு படகு வருவதைப் பார்த்தாள். படகு தண்ணீரில் நன்றாகத் தாழ்ந்து கிடந்தது. அணியத்தில் ஒருவன் நின்று கையைத் தூக்கினான். மீன் நிறைய, அதான் இந்தத் தாழ்வு என்று நினைத்து, துணியும் கையுமாக அவளும் தன் கையைத் தூக்கினாள். பாஸுக்கு நேரமாயிற்று என்று கீழே இறங்கிவிட்டாள். அன்று அந்திக்குள் நாலைந்து படகுகள் கரையேறின, அதில் ஒன்று என்றுதான் இருந்தாள். மறுநாளிலிருந்து தேடுகிற கப்பல்கள் மேற்கே, வெகு தூரத்தில் தேடின. நாற்பத்தோராம் நாள் சுவரில் சிலுவையின் நிழல் அதே நேரத்தில் அதே கையைத் தூக்கிய போதுதான் அது யார் என்று தெரிந்தது. கடைசியாக அவனைப் பார்த்தது நான், அவுக எனக்குத்தான் கை காட்டினாவ என்று அதை நகைப்பெட்டியில் வைப்பது போல நெஞ்சில் பூட்டி வைத்துக்கொண்டாள். ஆறு வருடமாக அதை எடுத்து எடுத்துப் பார்த்துத்தான் அவள் சோறு தின்றாள்.

எல்லாம் பிள்ளையின் கால்விரலில் வந்து முடிந்தது. ஜெசிந்தாவுக்கு இரண்டாம் விரல் பெருவிரலை விட நீளம். அப்பனைப் போல என்று ஊரே சொல்லும். "அப்பாக்கும் அப்படியா? நான் பாக்கணும்" என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். நிழலுக்கு மார்பு வரைதான் தெரியும். அதற்குக் கீழே, எல்லா வீட்டுச் சுவரிலும் இருப்பது போல, மார்புயரத்துக்குக் காவிப்பட்டை. பட்டையில் நிழல் எடுக்காது, கால் அதுக்குள்ள இருக்கு என்று ஆறு வருடமாக ஊர் சொல்லி வந்தது. ஈஸ்டராகிய பாஸ்கா திருநாளுக்கு வெள்ளையடிக்கும்போது, பிள்ளை தொந்தரவு தாங்காமல், கித்தேரி காவிப்பட்டையைச் சுரண்டி எடுத்துவிட்டு, தரை வரைக்கும் சுவரை ஒரே வெள்ளையாக அடித்தாள்.

நாலு மணிக்கு நிழல் வந்தது. ஜெசிந்தா குத்தவைத்து உட்கார்ந்து, தன் காலைச் சுவரோடு சேர்த்து வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"கால் எங்கம்மா?"

கால் இல்லை. மார்புக்குக் கீழே நிழல் நேர்கோடாக அறுபட்டிருந்தது. அந்தக் கோடு அசைந்தது. மெல்ல ஏறி மார்பு வரை போய், மெல்ல இறங்கி இடுப்புக்கு வந்து, மறுபடியும் ஏறியது. ஆறு வருடமாக நிழல்களில் இல்லாததைப் பார்த்துச் சம்பளம் வாங்கியவளுக்கு அது என்னவென்று தெரிய அரை நிமிடம் ஆகவில்லை. அது தண்ணீர். படகு தாழ்ந்து கிடந்தது மீனால் அல்ல. அவன் தூக்கிய கை சுகம் என்று சொன்ன கை அல்ல. வா, யாராவது வா என்று கூப்பிட்ட கை. அவள் அதைப் பார்த்து, சரி வந்து சேருங்கள் என்று மஞ்சள் துணியை ஆட்டிவிட்டு, உள்ளே போய் நட்சத்திரங்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"கால் எங்கம்மா?" என்று மறுபடியும் கேட்டாள் ஜெசிந்தா, அப்பாவுக்குக் கை காட்டிக்கொண்டே.

கித்தேரி அன்றைக்கே காவி கரைத்துப் பட்டையைத் திரும்ப அடித்துவிட்டாள். அவசரத்தில் பட்டை கோணலாகப் போயிற்று. மறுநாள் முதல் நாலு மணிக்கு அவளால் கையைத் தூக்க முடியவில்லை. பிரகாசி சிரித்துக்கொண்டே கை தூக்குவதையும், மற்ற வீடுகளில் கைக்குழந்தைகளின் கையைப் பிடித்துத் தூக்கி விடுவதையும் பார்க்க மாட்டாமல் அவள் உள்ளே போய்விடுவாள். சொன்னால் பதினோரு வீட்டிலும் பதினோரு பேர் மறுபடியும் சாவார்கள், இந்த முறை எல்லார் கண் முன்னாலும். சொல்லாவிட்டால் தினமும் நாலு மணிக்குக் காப்பாற்றச் சொல்லிக் கேட்கிறவர்களுக்கு ஊர் கூடி நின்று கை ஆட்டிக்கொண்டிருக்கும்.

பங்குனி கழிவதற்குள் பலராமன் சார் கூப்பிட்டுச் சொன்னார். சம்மனசுக்கு எரிபொருள் தீர்ந்துவிட்டது. திசை திரும்பப் பலம் இல்லை. அடுத்த திங்கள்கிழமை நாலேகாலுக்குக் கடைசிப் பாஸ், அதோடு அணைத்துவிடுவார்கள். "உங்க இருநூத்திப் பத்தொன்பதும் அநேகமா அணைஞ்ச மாதிரிதாம்மா. இந்த வாரம் தாண்டாது" என்றார். அவருக்கும் ஆறு வருடத்தில் அந்த எண் வீட்டு ஆள் மாதிரி ஆகிவிட்டிருந்தது.

ஊர் இதைச் சும்மா விடவில்லை. சம்மனசுக்கு உடம்பு சுகமாக வேண்டி ஒன்பது நாள் செபமாக நவநாள் ஆரம்பித்தார்கள். டெல்லிக்கு மனு எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். மண்ணெண்ணெய் ஊற்றினால் போதுமா என்று ஒருவர் கவலையோடு விசாரித்தார். ஆனால் நிழல்கள் நாளுக்கு நாள் வெளுத்தன. தொம்மையின் கோணல் தோளைக் கண்டுபிடிக்கப் பிரகாசிக்கே சுவரைத் தடவ வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து, நவநாள் செபமும் முடிந்து, எல்லாரும் எழுந்தபோது கித்தேரி மட்டும் பீடத்துக்கு முன்னால் போய் நின்றாள். அவள் அப்படி நிற்கிறவள் இல்லை என்பதால் ஊர் மறுபடியும் உட்கார்ந்தது.

"நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள். சொன்னாள். மாடியில் நின்றதை, தாழ்ந்த படகை, கையை, மஞ்சள் துணியைச் சொன்னாள். காவிப்பட்டையை எடுத்ததையும், கால் இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் ஏறி இறங்கியதையும் சொன்னாள். "அவுக நம்மளக் கூப்பிட்டிருக்காவ. நான் பாத்துட்டுக் கை காட்டிட்டு உள்ள போயிட்டேன். என் ஒருத்தியாலதான் பதினோரு பேரும் போனாவ. என்ன செய்யணுமோ செய்யுங்க" என்று சொல்லி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பிரகாசி எழுந்து வந்தாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் வந்து கித்தேரிக்குப் பக்கத்தில், முட்டிவலியோடு, மெல்லக் கீழே உட்கார்ந்தாள்.

"நான் கரையில கருவாடு திருப்பிப் போட்டுக்கிட்டிருந்தேன்" என்றாள். "நானும் பாத்தேன். நானும் கை காட்டுனேன். அவுக எனக்குத்தான் காட்டுனாவன்னு நெனச்சேன் நான்."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "நான் குருசடில நின்னேன்" என்றது. வலை பின்னிக்கொண்டிருந்தேன் என்றார் ஒருவர். பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கிட்டு, பிள்ளை கையையும் தூக்கிக் காட்டுனேனே மாதாவே என்று ஒருத்தி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். கடைசியில் பங்குச்சாமியார், மணிக்கூண்டிலிருந்து பார்த்ததாக, தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். ஊரே பார்த்திருந்தது. ஊரே கை காட்டியிருந்தது. ஆறு வருடமாக ஒவ்வொருவரும் அதைத் தனக்கு மட்டும் கிடைத்த கடைசிக் கையாக ஒளித்து வைத்திருந்தார்கள். யார் முகத்தையும் யாராலும் பார்க்க முடியவில்லை.

பிரகாசிதான் கேட்டாள். "நாளைக்கும் நாலு மணிக்கு வருவாவல்லா?"

"வருவாவ. நாளைக்கு மட்டுந்தான்" என்றாள் கித்தேரி.

"அப்பம் இங்க நின்னு என்ன பாக்கது? போவோம்."

புன்னைத்தாழையில் பெண்கள் கடலுக்குப் போகிற வழக்கமில்லை. மறுநாள் அதைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கரையில் கிடந்த அத்தனை வள்ளங்களையும் தள்ளி இறக்கினார்கள். பதினோரு வீட்டுப் பெண்களும் ஆளுக்கொரு கயிறு கொண்டுவந்தார்கள். கிணற்றுக் கயிறு, நங்கூரக் கயிறு, ஒருத்தி தொட்டில் கயிறு. கித்தேரி ஜெசிந்தாவைச் சுவருக்கு எதிரே உட்கார வைத்து, "நீ இங்கயே இருந்து அப்பாவப் பாத்துக்க, எங்கயும் போகாத" என்று சொல்லிவிட்டு, நிலையத்துக்கு ஓடி, கடைசிப் பாஸுக்குத் தன்னால் இருக்க முடியாது என்றாள்.

கோயிலில் நடந்ததைக் கேள்விப்பட்டிருந்த பலராமன் சார் மஞ்சள் துணியைக் கையில் எடுத்துக்கொண்டு ஏற்கெனவே மாடிப்படியில் நின்றார். "தட்டு தானாத் திரும்பிக்கும். நீங்க அன்னிக்கு எங்க பாத்தீங்களோ அந்தத் திசையைக் காட்டிட்டுப் போங்க. மேல நின்னு வழி சொல்ல ஒரு ஆள் வேணுமில்ல" என்றார்.

மூன்றரைக்கு வள்ளங்கள் கிளம்பின. கரையில் நின்றவர்கள் யாரும் கை காட்டவில்லை. மாடியில் பலராமன் சார் மஞ்சள் துணியை இடப்பக்கம் ஆட்டினால் இடப்பக்கமும், வலப்பக்கம் ஆட்டினால் வலப்பக்கமும் திருப்பி, துணி அசையாமல் நின்ற இடத்தில் வள்ளங்களும் நின்றன. கரை அங்கிருந்து எவ்வளவு கிட்டத்தில் இருந்தது என்பதைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை. கோயில் சிலுவை தெரிந்தது. கருவாட்டுப் பாய்கள் தெரிந்தன. நாலு துடுப்புப் போட்டிருந்தால் அன்றைக்கே வந்து சேர்ந்திருக்கலாம் என்று ஒருத்தி சொல்ல, பேசாம இரிட்டி என்று இன்னொருத்தி அதட்டினாள்.

அங்கே ஒன்றும் இல்லை. தண்ணீர்தான் இருந்தது. சரியாக நாலு மணிக்குப் பெண்கள் கயிறுகளின் ஒரு நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு மறுநுனியைக் கடலில் வீசினார்கள். "ஏ தொம்மை! இந்தா பிடிங்க!" என்று கத்தினாள் பிரகாசி; புருஷன் பேரை வாயால் சொன்னது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கித்தேரி கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். சிறிது நேரம் கயிறு தொளதொளவென்று மிதந்தது. பிறகு அவள் உள்ளங்கையில் சுரீரென்று இறுகியது. அவள் கால் இரண்டையும் வள்ளத்தின் ஓரத்தில் உதைத்துக்கொண்டு பிடித்தாள். பக்கத்து வள்ளத்திலும் கயிறு இறுகியது, அதற்கடுத்ததிலும் இறுகியது.

"நீவாடு இழுக்கு மதினி, விட்டுருங்க, கை அறுத்துரும்" என்றான் வள்ளம் ஓட்டியவன். கடலின் நீரோட்டத்தை அவனைவிட அறிந்தவர் அங்கே யாரும் இல்லை. இருந்தும் ஒருத்தியும் விடவில்லை. பத்து நிமிடம் பிடித்திருந்தார்கள். பிறகு கயிறுகள் தாமாகவே தளர்ந்தன. இழுத்துப் பார்த்தபோது நுனிகள் வெறுமையாக, தண்ணீர் சொட்டிக்கொண்டு வந்தன. நீவாடுதான் போல என்று சொல்லிக்கொண்டு, ஒருவரையொருவர் பார்க்காமல் கரைக்குத் திரும்பினார்கள்.

கித்தேரி வீட்டுக்கு வந்தபோது காவிப்பட்டைக்கு மேலே சுவர் வெறும் வெள்ளையாக இருந்தது. ஜெசிந்தா சொன்ன இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா வந்தாவளா?"

"வந்தாவ. ஆனா இன்னைக்குக் கையைத் தூக்கலம்மா."

"பொறவு?"

"ரெண்டு கையாலயும் ஒரு கயித்தப் பிடிச்சிருந்தாவ. இந்தா, இப்படி. ரொம்ப நேரம் பிடிச்சிருந்தாவ. அப்பொறம் அவுகளே விட்டுட்டாவ." பிள்ளை சந்துப் பக்கம் திரும்பியது. "விட்டுட்டு அந்தப் பக்கம் திரும்பிக் கடலுக்குப் போயிட்டாவ. போகும்போது கால் தெரிஞ்சுச்சும்மா. ஆனா விரலப் பாக்கதுக்குள்ள போயிட்டாவ."

கித்தேரி தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தாள். கயிறு அறுத்த இடம் சிவந்து, ரத்தம் கசிந்திருந்தது. ஆறு வருடமாக அவள் சத்தம் போட்டு அழுதவளில்லை. இப்போது அந்த வெள்ளைச் சுவரில் முகத்தை வைத்து, பிள்ளை பயந்து பின்வாங்கும்படி, அடிவயிற்றிலிருந்து கத்தி அழுதாள். பிரகாசி வீட்டிலிருந்து அதே சத்தம் கேட்டது. அதற்கடுத்த வீட்டிலும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கோயில் மணி, கறுப்புத் துணி சுற்றிய நாக்கோடு, மெல்லமாக அடிக்க ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு என்று ஊர் எண்ணிக்கொண்டே இருந்தது. பதினொன்றோடு நின்றது.

மணி நின்றதும் ஜெசிந்தா எழுந்து, சந்து முடிகிற இடத்தில் தெரிந்த கடலைப் பார்த்தாள். "இன்னைக்கு அப்பாக்கு நான் கை காட்டவே இல்லம்மா. இப்பம் காட்டட்டா?" என்று கேட்டுக்கொண்டே வலது கையைப் பாதி தூக்கிவிட்டாள்.

கித்தேரி ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்து, கீழே இறக்கி, தன் ரத்தம் கசிகிற கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"வேண்டாம்ட்டி" என்றாள். "போறவுகளுக்குக் கை காட்டக் கூடாது."